ரிக்ஷாக்காரர் மகளின் உணவகமும் பத்து இலட்சம் அறைகளும்

ஹோட்டல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு கட்டடம். அதற்கொரு முதலாளி, அவருக்குக் கீழே சமையற்காரரும் பரிசாரகரும் அறை கூட்டுவோரும். இந்தச் சித்திரம் பழையதாகிவிட்டது. இன்று உலகின் மிகப் பெரிய ஹோட்டல் கம்பனிகளிற் பெரும்பாலானவை தாம் பெயர் சூட்டியுள்ள கட்டடங்களுக்குச் சொந்தக்காரர் அல்ல. அவற்றின் சொத்து பெயரும் நிர்வாக முறையுமே. இத்தகைய கம்பனிகளுள் முன்வரிசையில் நிற்பவற்றில் ஒன்று ஷங்காய் நகரத்தின் ஜின்ஜியாங். அது தனியார் கம்பனியன்று. சீன மக்கள் குடியரசின் பொதுச் சொத்து. பொதுச் சொத்தொன்று பெயரை வாடகைக்கு விடும் வணிகமாக எப்படி வளர்ந்தது? சமவுடைமையைப் பற்றிச் சிந்திப்போர் ஊன்றிப் பார்க்கவேண்டிய வரலாறு இது.

அந்த வரலாறு ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. டோங் ஜூஜுன் 1900ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தை ரிக்ஷா இழுத்தவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். தந்தை நோயுற்று உழைக்க முடியாமற் போனபோது, பதின்மூன்று வயதளவிற் சிறுமி பாட்டுக்காரியாக ஒரு கணிகையர் இல்லத்தில் அடகு வைக்கப்பட்டாள். மகளை அடகு வைத்துக் கடன் பெறுவது அன்றைய ஷங்காயில் அதிசயமான காரியமன்று. அங்கிருந்து தப்பிய டோங், 1911ஆம் ஆண்டுப் புரட்சியிற் சிச்சுவான் மாகாணத்தில் முன்னின்ற சியா ஜீஷி என்பவரை மணந்தார். ஜப்பானுக்குச் சென்று கல்வி கற்றார். புரட்சிக்காரரின் வீடோ பழைய பிரபுத்துவ வீடாகவே இருந்தது. ஆண் மகனுக்கு ஒரு நீதி, பெண் மக்களுக்கு வேறொரு நீதி. 1929இல் நான்கு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் ஷங்காய் திரும்பினார். அங்கே அவர் தொடங்கிய சிறு ஆலை 1932இல் ஜப்பானியரின் தாக்குதலில் அழிந்தது.

1935 மார்ச்சில் கடன் பணத்தைக் கொண்டு அவர் திறந்த சிச்சுவான் உணவகத்துக்கு, அம்மாகாணத் தலைநகரான செங்டுவில் ஓடும் ஆற்றின் பெயரை இட்டார். ஜின்ஜியாங் என்றாற் பட்டாறு என்று பொருள் கொள்ளலாம். அடுத்த ஆண்டில் ஒரு தேநீர்ச்சாலையும் எழுந்தது. அதிற் பரிமாறும் வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். கோமிந்தாங் அதிகாரிகளும் நகரத்தின் குற்றக் கும்பல்களின் தலைவரான டூ யூஷெங்கும் அந்த உணவகத்தின் வாடிக்கையாளர். அதே உணவகத்தின் நிழலில் தலைமறைவுக் கம்யூனிஸ்டுகள் சந்தித்துப் பேசினர். ஒரே சமையலறை இரு முகாம்களுக்கும் உணவளித்தது. ஆனால் உரிமையாளரின் மனம் எந்த முகாமைச் சார்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை. விடுதலைக்குப் பின் 1951இல், தமது உணவகத்தையும் தேநீர்ச்சாலையையும் அவர் அரசுக்கு ஒப்படைத்தார்.

அவ்வாண்டிலேயே அவை பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாக இருந்த இடத்தில் நின்ற கதே மாளிகை என்னும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டு, ஜின்ஜியாங் ஹோட்டல் உதயமாயிற்று. இந்தக் கட்டடத்தின் பூர்வீகமும் நாம் அறியவேண்டியதே. அதைக் கட்டியவர் விக்டர் சசூன். பக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, சீனாவுக்கு அபின் ஏற்றியும் பம்பாயிற் பஞ்சாலை நடத்தியும் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பத்தின் வாரிசு அவர். இந்திய விவசாயி பயிரிட்ட அபினும் பம்பாய்த் தொழிலாளி நூற்ற நூலும் ஷங்காயில் மாடிகளாக உயர்ந்தன என்று சொன்னால் அது அலங்கார வார்த்தையன்று. அத்தகைய மாளிகைக்குள் ரிக்ஷாக்காரர் ஒருவரின் மகள் பொறுப்பாளராக நுழைந்தார். 1949ஆம் ஆண்டின் பொருளை விளக்க இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

இருந்தும், அந்த வாசல் எல்லோருக்கும் திறக்கப்பட்டதென்று எண்ணிவிடலாகாது. பின்வந்த கால் நூற்றாண்டில் ஜின்ஜியாங் அரச விருந்தினர் இல்லமாகவே இயங்கியது. தலைவர்களும் வெளிநாட்டுப் பிரமுகர்களும் அங்கே தங்கினர். சாதாரண ஷங்காய்த் தொழிலாளி அதை வெளியே நின்று பார்த்தான். வருமானம் அங்கே நோக்கமன்று. உபசாரமும் பாதுகாப்புமே நோக்கம். 1972 பெப்ரவரியில் நிக்சனின் விஜயத்தின் முடிவிற் சீன-அமெரிக்கக் கூட்டறிக்கை வெளியிடப்பட்டதும் இந்த ஹோட்டலின் சிறு மண்டபத்திலேதான். கலாசாரப் புரட்சியின்போது, 1967இல், டோங் ஜூஜுன் சிறையிலடைக்கப்பட்டார். தமது உடைமையை மனமுவந்து மக்களுக்கு ஈந்த பெண் ஐந்தாண்டுகளை அங்கே கழித்தார். இதனை ஒரு சிறு பிழையென்று ஒதுக்கிவிட்டு மேலே செல்லும் வரலாற்றாசிரியரை நாம் நம்பமுடியாது.

1978இன் பின்னர் கதவுகள் திறந்தன. உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிந்தனர், அறைகளோ இல்லை. இருந்த விருந்தினர் இல்லங்களில் ஊழியர் மிகுதி, கணக்கு குறைவு, விருந்தினரை முகங்கொடுத்துப் பாராத சுபாவம் வேறு. 1982இற் பெய்ஜிங்கில் ஜியாங்குவோ என்னும் ஹோட்டல் வெளிநாட்டு மூலதனக் கூட்டுடன் திறக்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு ஹொங்கொங்கின் பெனின்சுலா நிறுவனத்திடம் விடப்பட்டது. கட்டடம் பெய்ஜிங்கில், நடத்தும் மூளை ஹொங்கொங்கில். அது விரைவில் இலாபம் காட்டியது. 1984இல் அரசாங்கம் 'ஜியாங்குவோ முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று நாட்டின் ஹோட்டல்களுக்கு அறிவித்தது. தாச்சிங் எண்ணெய் வயலையும் தாசாய் கிராமத்தையும் முன்மாதிரியாகக் காட்டிய நாடு, இப்போது ஒரு ஹோட்டலின் கணக்குப் புத்தகத்தை முன்மாதிரியாகக் காட்டியது!

இந்த முகாமை முறையைச் சற்று விளக்குதல் நலம். கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருவர். அதை நடத்துபவர் வேறொருவர். நடத்துபவர் தமது பெயரையும், முன்பதிவு வலைப்பின்னலையும், பொது முகாமையாளரையும், அறை விரிப்பு எப்படி மடிக்கப்படவேண்டும் என்பது வரையிலான விதிகளையும் தருவார். பிரதியாக மொத்த வருமானத்தில் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ வீதமும், இயக்க இலாபத்தில் ஒரு பங்கும் பெறுவது வழக்கம். ஊழியர் சம்பளம், மின்சாரம், வங்கிக் கடன் வட்டி எல்லாம் சொந்தக்காரர் தலையில். ஹோட்டல் நட்டத்தில் ஓடினாலும், மொத்த வருமானத்திற் கணக்கிடப்படும் கூலி நடத்துபவருக்குச் சேரவேண்டும். இதற்கும் அப்பால் இன்னொரு படி உண்டு: பெயரை மட்டும் கொடுத்து, நடத்தும் தொல்லையையும் சொந்தக்காரரிடமே விட்டு, உரிமைக் கட்டணம் வாங்குவது. நிலக்கிழார் நிலத்தையாவது வைத்திருந்தார். இங்கே நிலமும் வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தை ஜின்ஜியாங் நன்றாகவே படித்தது. 1984இல் ஷங்காயின் பழைய ஹோட்டல்கள் பலவற்றை இணைத்து அது ஒரு குழுமமாயிற்று. 1996இல் ஜின்ஜியாங் இன் என்னும் மலிவு விடுதிகளுக்கான கம்பனி தோன்றி, அடுத்த ஆண்டில் அதன் முதல் விடுதி ஷங்காயில் திறக்கப்பட்டது. டோங் ஜூஜுன் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டதும், அவர் மறைந்ததும் அதே 1997இலேதான். 2003இல் ஷங்காயின் மற்றோர் அரச நிறுவனமான நியூ ஏசியா குழுமத்துடன் இணைந்து ஜின்ஜியாங் இன்டர்நேஷனல் என்ற பெயரைப் பெற்றது. 2006 டிசம்பரில் அதன் ஹோட்டல் கம்பனி ஹொங்கொங் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது.

மலிவு விடுதியின் வருகையை நாம் இகழக்கூடாது. அரச விருந்தினருக்கு மாத்திரம் விரிக்கப்பட்ட படுக்கை, விற்பனையாளருக்கும் பரீட்சை எழுதவந்த மாணவனுக்கும் கிடைத்தது அதனாலேதான். சுத்தமான அறை, வெந்நீர், பூட்டக்கூடிய கதவு: இவை ஆடம்பரமல்ல. ஆயினும் அந்த விடுதிகள் எழுந்த காலத்தையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1998 முதற் சில ஆண்டுகளுள் சீன அரச தொழில் நிறுவனங்களிலிருந்து இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஷங்காயின் நெசவாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நாடெங்கும் வெறுமையான ஆலைக் கட்டடங்கள் பல, குத்தகைக்கு எடுக்கப்பட்டு மலிவு விடுதிகளாக மாறின. தறி நின்ற இடத்திற் கட்டில் நின்றது. ஆலைத் தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் ஓய்வூதியமும் ஆலையே கொடுத்தது. விடுதியில் விரிப்பு மாற்றும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பின்னர் நிகழ்ந்த விரிவு மிக வேகமானது. 2010இல் அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் என்னும் முகாமைக் கம்பனி, ஜின்ஜியாங்கும் ஓர் அமெரிக்கக் கூட்டாளியும் சேர்ந்து வாங்கிய ஒன்றாயிற்று. 2015இற் பிரான்ஸின் லூவ்ர் ஹோட்டல் குழுமம் நூறு கோடி யூரோவுக்கு மேற்பட்ட விலையில் வந்து சேர்ந்தது. அதே ஆண்டிற் குவாங்சோவின் பிளட்டீனோ குழுமத்தில் 81 வீதம். 2016இல் ஷென்சென்னின் வியன்னா ஹோட்டல்களில் 80 வீதம். 2018இற் கடன் சுமையால் தள்ளாடிய எச்.என்.ஏ. குழுமத்திடமிருந்து ரடிசன் வாங்கப்பட்டது. இலங்கையிலும் ரடிசன் பெயர் தாங்கிய ஹோட்டல்கள் உண்டாதலால், இது நமக்கு முற்றிலும் தூரத்து விஷயமன்று. 2022இல் ரடிசனின் அமெரிக்கப் பகுதி மீண்டும் விற்கப்பட்டது. ஆயினும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஹோட்டல்கள், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட அறைகள் என்னும் அளவை ஜின்ஜியாங் எட்டிவிட்டது. அறைகளின் எண்ணிக்கையில் மாரியட்டுக்கு அடுத்தபடியாக உலகில் இரண்டாம் இடத்திலும் அது பட்டியலிடப்பட்டது.

அந்தப் பத்தாயிரத்தில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் பெயர் உரிமை பெற்று நடப்பவை. சீனத்தின் சிறு நகரங்களில் யாரோ ஒரு சிறு முதலாளி வீட்டுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு விடுதி அமைக்கிறார், பெயர் ஜின்ஜியாங்கினுடையது. தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்தச் சிறு முதலாளி. தொழிலாளிக்கும் 'மக்களின் சொத்து' என்ற பெயருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் இல்லை. பொதுச் சொத்து வளர வளர, அதன் கூரையின் கீழ் உழைப்போர் அதற்கு அந்நியராகின்றனர். இதுதான் இந்த வளர்ச்சியின் மர்மம். அரசே உரிமையாளர் என்பதனால் இது சமவுடைமையென்று மகிழும் நண்பர்களும் உளர். சந்தையிற் புகுந்தவுடனேயே எல்லாம் துரோகமென்று முடிப்போரும் உளர். இரு சாராரும் உரிமைப் பத்திரத்தைப் படிக்கின்றனரேயன்றிச் சம்பளப் பத்திரத்தைப் படிப்பதில்லை.

சம்பளப் பத்திரத்தைப் படித்தவர்கள் பாரிஸின் எல்லையிலுள்ள சுரேன் நகரத்துத் தொழிலாளர். அங்கே லூவ்ர் குழுமத்தின் கம்பனீல், பிரிமியர் கிளாஸ் என்னும் பெயர்களைத் தாங்கிய ஹோட்டலில், 2024 ஓகஸ்டில் அறை சுத்திகரிக்கும் பெண்களும் சகதொழிலாளரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு தோழியின் பணிநீக்கத்தை எதிர்த்தும், சம்பள உயர்வு கோரியும் எழுந்த அப்போராட்டம் மாதக்கணக்கில் நீடித்து அடுத்த ஆண்டுக்குள்ளும் சென்றது. வாசலில் முரசறைந்து நின்றவர்களிற் பலர் ஆபிரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் கூட்டிய அறைகளின் வருமானத்தில் ஒரு பங்கு எட்டவேண்டிய இறுதி முகவரி ஷங்காய் நகர அரசாங்கத்தின் சொத்துக் கண்காணிப்பு நிர்வாகம்.