செவிலியர் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு சங்கத்துப் பெரியோர் பணித்தனர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த நம் பெண்மக்களுள் பலர் செவிலியர் படிப்பையே நாடுவதை ஆண்டுதோறும் கண்டு வருகின்றேன். ஆதலின், அப்படிப்புக்கு விண்ணப்பம் செய்ததனாலேயே ஒரு நாட்டின் சட்ட வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவது பொருத்தமெனக் கருதினேன். அவர் நம் நாட்டவர் அல்லர். அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரில் 1931ஆம் ஆண்டு பிறந்த கறுப்பினப் பெண். பெயர் எஸ்தர் மெக்ரெடி.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் வினவலாம். 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர் அவ்வாறு வினவவில்லை. 1946ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டூபாய்சுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்திருந்த மனுவின் படிகளை அனுப்பித் தருமாறு அதில் கேட்டிருந்தார். அவர்தம் நிலைக்கும் இந்நாட்டுத் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒப்புமையையும் சுட்டியிருந்தார். டூபாய்சும் அன்புடன் மறுமொழி விடுத்தார்.

இனி, செவிலியர் கல்விக்கு வருவோம். அமெரிக்காவில் முறையான செவிலியர் பயிற்சி பெற்றுத் தேறிய முதற் கறுப்பினப் பெண் மேரி எலிசா மகோனி. பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் சமையல் வேலையும் துணி வெளுக்கும் வேலையும் பல்லாண்டுகள் செய்த பிறகு, 1878ஆம் ஆண்டில், தம் 33ஆம் வயதில், அதே மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். பதினாறு மாதப் பயிற்சி. உடன் சேர்ந்தோர் நாற்பதுக்கும் மேற்பட்டோர். 1879இல் தேறியோர் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்குவர். அவருள் மகோனியும் ஒருவர்.

எனினும், ஒருவருக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. எம்மா ரெனால்ட்ஸ் என்னும் இளம்பெண் 1889ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துச் செவிலியர் பள்ளிகளில் இடம் கேட்டார். நிறத்தைக் காரணமாக்கி ஒவ்வொன்றும் மறுத்தது. அவருடைய தமையனார் ஒரு போதகர். அவர் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அறுவை மருத்துவரை அணுகி, தம் தங்கைக்காகப் பரிந்து பேசுமாறு வேண்டினார். மருத்துவரோ, பரிந்து பேசிப் பயனில்லை, நாமே ஒரு மருத்துவமனையும் பயிற்சிப் பள்ளியும் அமைப்போம் என்று துணிந்தார். 1891ஆம் ஆண்டில் பிராவிடன்ட் மருத்துவமனை தோன்றிய வரலாறு இதுதான். அதன் பள்ளியில் முதலில் பயின்ற பெண்களுள் எம்மாவும் இருந்தார். 1893இல் நெஞ்சில் கத்திக்குத்துப்பட்ட ஒருவருக்கு டாக்டர் வில்லியம்ஸ் இதய அறுவை செய்து பிழைக்க வைத்ததும் இதே மருத்துவமனையில்தான். ஒரு பெண்ணின் மறுக்கப்பட்ட விண்ணப்பம் ஒரு மருத்துவமனையையே எழுப்பிவிட்டது!

தமக்கென ஒரு நிறுவனம் கட்டிக்கொள்வது ஒரு வழி. நம் சங்கம் போன்ற அமைப்புகள் தோன்றியதும் அவ்வழியேதான். அதனைக் குறைத்துரைப்பார் நம்முள் எவரும் இலர். கறுப்பினச் செவிலியரும் 1908ஆம் ஆண்டில் தமக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். மார்த்தா பிராங்ளின் என்னும் செவிலியர் நாடெங்குமுள்ள தம் தோழியர்க்கு நூற்றுக்கணக்கான கடிதங்களைத் தம் கைப்பட எழுதித் திரட்டிய சங்கம் அது. நியூயார்க்கில் கூடிய முதற் கூட்டத்துக்கு வந்தோர் 52 பேர். ஆயினும் இவ்வழிக்கு ஓர் எல்லை உண்டு. ஏழை மக்கள் சேர்த்த காசில் எழும் பள்ளி எத்தனை பேருக்கு இடம் தரும்? அரசின் பல்கலைக்கழகமோ எல்லோருடைய வரிப்பணத்திலும் நடைபெறுவது. அதில் நமக்கு இடம் இல்லை என்றால், நம் பணத்தில் பிறர் பயில்கின்றனர் என்பதன்றி வேறென்ன?

இக்கேள்வியை மேரிலாந்தில் முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் டொனால்ட் கெயின்ஸ் மரே. 1935ஆம் ஆண்டில் மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டது. சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற வழக்கறிஞரும் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷலும் மரேக்காக வாதாடினர். மார்ஷல் பால்டிமோரில் பிறந்தவர். உள்ளூர்ச் சட்டப் பள்ளி தம்மைச் சேர்க்காது என்பதை அறிந்து, நாள்தோறும் வாஷிங்டனுக்கு ரயிலேறிச் சென்று ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1933இல் முதல் மாணவராகத் தேறியவர். அவர் நெஞ்சில் கனன்ற தீ எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். 1935இல் தீர்ப்பு மரேக்குச் சார்பாக அமைந்தது. 1936 ஜனவரியில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மரே சேர்ந்தார், தேறினார், வழக்கறிஞரானார்.

1938இல் லாயிட் கெயின்ஸ் என்ற மாணவரின் வழக்கில், ஒரு மாநிலம் வெள்ளையர்க்குத் தன் எல்லைக்குள் சட்டக் கல்வி அளித்துவிட்டுக் கறுப்பினத்தவரை மட்டும் வெளிமாநிலத்துக்கு அனுப்புதல் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வென்ற கெயின்ஸ் அந்த இருக்கையில் அமரவே இல்லை. 1939 மார்ச்சு மாதத்தில் சிகாகோவில் தங்கியிருந்த இடத்திலிருந்து வெளியே சென்றவர் பின் எங்குமே காணப்படவில்லை. அவருக்கு நேர்ந்தது இன்னதென இன்றுவரை துலங்கவில்லை. இவ்வழக்குகளில் வாதியாக நிற்பது எத்தகைய இடர் என்பதை இதனால் உணரலாம்.

இப்பின்னணியில்தான் 1949ஆம் ஆண்டில், பால்டிமோரின் டன்பார் பள்ளியில் படித்த எஸ்தர் மெக்ரெடி, மேரிலாந்து பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளிக்கு விண்ணப்பித்தார். வயது பதினெட்டு. அவருக்குரிய தகுதிகளில் குறையேதும் இல்லை என்பதைப் பிற்பாடு எதிர்த்தரப்பினரே ஒப்புக்கொண்டனர். நிறம் ஒன்றே தடை.

அரசு இம்முறை வெறுங்கையுடன் மறுக்கவில்லை. 1948ஆம் ஆண்டில் தென் மாநிலங்களின் ஆளுநர்கள் உயர்கல்வி குறித்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தனர். அதன்வழி, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், கறுப்பினத்தவர்க்கென 1876இல் தொடங்கப்பெற்ற மெஹாரி மருத்துவக் கல்லூரியில் மேரிலாந்து மாணவர்க்கு இடம் பெறலாம். நீ அங்கே சென்று படி. அப்பள்ளி எங்கள் பள்ளிக்குத் தாழ்ந்ததன்று, உயர்ந்ததே. பயணம், உணவு, உறையுள் அனைத்தும் சேர்ந்தாலும் உனக்கு இங்கே படிப்பதைவிட அதிகச் செலவாகாது. இதுவே அரசு கூறியது.

இளைஞர்களே, இங்கே சற்று நில்லுங்கள். நம் வீட்டுப் பெண்ணுக்கு இவ்வாறு ஓர் அழைப்பு வந்திருப்பின் நாம் என்ன சொல்லியிருப்போம்? கிடைத்ததை விடாதே, வழக்கு வம்பு நமக்கெதற்கு என்றுதானே சொல்லியிருப்போம்? அவ்வாறு சொல்வதில் இழிவும் இல்லை; வயிற்றுக்கும் வாழ்வுக்கும் போராடுவோர் சொல்லக்கூடியதே. ஆனால் அந்த இன்சொல்லின் உட்பொருள் வேறு. படிப்பைத் தருகிறோம், எங்கள் கண்ணெதிரே மட்டும் வாராதே என்பதே அது. நாஷ்வில் பால்டிமோரிலிருந்து சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. ஊருக்கு வெளியே நல்லதொரு கிணறு வெட்டித் தருவதாகச் சொன்னால், ஊர்க் கிணற்றில் நமக்குள்ள உரிமை தீர்ந்துவிடுமா?

மெக்ரெடி உடன்படவில்லை. ஹூஸ்டனுடன் அவருக்காக வழக்கை நடத்தியவர் வேறு யாருமல்லர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே பல்கலைக்கழகம் திருப்பியனுப்பிய டொனால்ட் மரேதான். கீழ் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மேல் முறையீட்டில் 1950 ஏப்ரல் 14ஆம் நாள் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மெஹாரி சிறந்த பள்ளியா என்பது வினாவன்று; மாநிலத்துக்குள் வெள்ளைப் பெண்ணுக்கு உள்ள வாய்ப்பு இப்பெண்ணுக்கும் மாநிலத்துக்குள்ளேயே உண்டா என்பதே வினா; எந்த உடன்படிக்கையும் மேரிலாந்தின் எல்லையை நாஷ்வில் வரை நீட்டிவிட இயலாது என்பது தீர்ப்பின் சாரம். கல்வியின் தரத்தைக் காட்டி உரிமையை விலைபேசும் வாதத்தை இவ்வளவு தெளிவாக மறுத்த தீர்ப்பு என் வாசிப்பில் பிறிதொன்று இல்லை. ஹூஸ்டன் அப்போது நோயுற்றிருந்தார். தீர்ப்பு வந்த எட்டாம் நாள், ஏப்ரல் 22இல், காலமானார்.

அதே 1950ஆம் ஆண்டில் நம் மாநிலத்திலும் ஒரு கல்லூரி இடத்துக்கான வழக்கு நடந்தது. சென்னை மாகாணத்து வகுப்புரிமை ஆணையின்படி, மருத்துவக் கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்கள் ஆதிதிராவிடர்க்கு உரியவை. அவ்வாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில், 1950இல் உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஆணை செல்லாது என்றன. வழக்குத் தொடுத்தவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்தில் காணப்படவில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. கிடைக்காது என்று விசாரித்து அறிந்ததே அவருக்குப் போதுமானதாயிற்று. மெக்ரெடிக்கோ தகுதி, விண்ணப்பம், மறுப்பு என ஒவ்வொன்றும் வேண்டியிருந்தது. பின்னர் 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. நம் பிள்ளைகள் கல்லூரிகளில் ஒதுக்கீட்டில் அமர்வது அதன் வலிமையால்தான். ஆனால் ஒதுக்கிய இடம் விண்ணப்பிக்காதவரைத் தேடி வீட்டுக்கு வாராது. கணினி மையத்தில் பதிவு செய்யும் இந்நாளிலும், சாதிச் சான்றிதழ் கையில் இருந்தும், நமக்கெங்கே கிடைக்கப் போகிறது என்று கடைசி நாளைக் கடத்திவிடும் பெற்றோரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

மெக்ரெடி 1950 செப்டம்பரில் வகுப்பில் சேர்ந்தார். பல்கலைக்கழகம் விடவில்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை நாடியது. அக்டோபரில் அந்நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தபோது, அப்பெண் ஏற்கெனவே பாடம் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவேற்பு இருந்ததென எண்ண வேண்டா. இங்கே உன் பக்கம் எவரும் இல்லை, கடவுளை வேண்டிக்கொள்ளாவிட்டால் நீ தேறி வெளியேற முடியாது என்று தம்மிடம் ஒருவர் கூறியதையும், கடவுள் நினைத்துவிட்டால் இங்குள்ள எவராலும் தடுக்க முடியாது என்று தாம் மறுமொழி கூறியதையும் அவர் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். 1953ஆம் ஆண்டில் பயிற்சியை நிறைவு செய்தார். செவிலியராகப் பணியாற்றியதுடன், நியூயார்க்கில் இசையும் முறையாகப் பயின்று பாடகியாக விளங்கினார். கறுப்பினச் செவிலியரின் தனிச் சங்கமோ, அமெரிக்கச் செவிலியர் பேரவை அவர்களையும் உறுப்பினராக ஏற்கத் தொடங்கியதால், தன் பணி முடிந்ததென 1951ஆம் ஆண்டிலேயே தன்னைக் கலைத்துக்கொண்டது.