எயிட் மைல் ரோடு: ஒரு வீட்டுக்கடன் வரலாறு

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வீடு வாங்கினால் ஃபோனில் முதலில் சொல்வது விலையை அல்ல. "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ரொம்ப நல்லா இருக்கும்ப்பா" என்பதைத்தான். டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களைக் கேட்டால் ட்ராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்று புறநகர்ப் பெயர்களாகவே வரும். டெட்ராய்ட் நகரத்துக்குள்ளேயே வீடு வாங்கினேன் என்று சொல்பவர் அபூர்வம்.

ஏன் என்று கேட்டால், "சிட்டி பாழாப் போச்சு, எல்லாரும் வெளியே போயிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கார் வந்தது, அகலமான சாலை வந்தது, மக்கள் தாங்களாகவே கிளம்பினார்கள் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. மீதிப் பாதி வீட்டுக்கடன் விதிகளில் இருக்கிறது. கடன் மனுக்களைப் பார்த்தே காலம் ஓட்டுபவன் என்பதால் அந்தப் பாதியைப் பற்றி எழுதத் தோன்றியது.

முதலில் ஊரைப் பற்றி. 1900-ல் டெட்ராய்டின் மக்கள்தொகை 2,85,704. 1908-ல் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் வந்தது. 1914-ல் அவர் நாள் சம்பளத்தை ஐந்து டாலர் ஆக்கினார். நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் இன்னொரு பக்கம். 1930-ல் மக்கள்தொகை 15,68,662. முப்பதே வருடத்தில் ஐந்து மடங்குக்கும் மேல்!

இனி கடன் விஷயம். 1920-களில் அங்கே வீட்டுக்கடன் என்றால் விலையில் ஏறக்குறைய பாதியை நாம் கையிலிருந்து போட வேண்டும். மீதிக்கு மூன்று முதல் ஐந்து வருடக் கெடு. அதுவரை பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டி வரலாம். கெடு முடிந்ததும் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும். 1929-ல் பங்குச்சந்தை சரிந்தபின் புதுக் கடன் கொடுக்க ஆளில்லை. 1933 வாக்கில் நாடு முழுவதும் தினமும் சுமார் ஆயிரம் வீடுகள் ஜப்தி ஆகிக்கொண்டிருந்தன.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு இரண்டு காரியம் செய்தது. 1933-ல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற ஒன்றை ஆரம்பித்து, சுமார் பத்து லட்சம் பேரின் கடனைத் தானே எடுத்துக்கொண்டு நீண்ட காலத் தவணையாக மாற்றியது. 1934-ல் எஃப்.ஹெச்.ஏ. என்ற கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் பிறந்தது. இது நேரடியாகக் கடன் தராது. கடன் தரும் வங்கிக்கு இன்சூரன்ஸ் தரும். கடன்காரர் கட்டாவிட்டால் வங்கிக்கு நஷ்டமில்லை.

கணக்கைப் பாருங்கள். 6,000 டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் கையிலிருந்து 3,000 டாலர் வேண்டும். எஃப்.ஹெச்.ஏ. முறையில் 20 சதவீத மார்ஜின், அதாவது 1,200 டாலர் போதும். மீதி 4,800 டாலருக்கு 20 வருடம், ஐந்து சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 32 டாலர்தான். கடைசித் தவணையோடு கடனும் முடிந்துவிடும். இன்று நாம் இ.எம்.ஐ. என்று சொல்வதை அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்ட வைத்தது இதுதான். போருக்குப் பின் படைவீரர்களுக்கு 1944-ம் வருடச் சட்டப்படி மார்ஜின் இல்லாமலேகூட கடன் கிடைத்தது.

நல்ல திட்டம்தான். ஆனால் யாருக்கு?

கடன் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை என்றால் உத்தமம், நீலம் பரவாயில்லை, மஞ்சள் இறங்குமுகம், சிவப்பு ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அநேகமாக எல்லாமே சிவப்பு. பலரும் பழியை முழுக்க இந்த வரைபடத்தின் மேல் போடுகிறார்கள். சமீபத்திய ஆய்வுகள் அதைக் கொஞ்சம் திருத்துகின்றன. அந்தக் கழகம் கறுப்பினத்தவர் பலருக்கும் கடன் கொடுத்தது. பெரிய வேலையைச் செய்தது எஃப்.ஹெச்.ஏ.வின் சொந்தக் கையேடு. ஒரு பகுதியில் வேறு இனத்தவர் கலந்தால் வீட்டு மதிப்பு இறங்கும் என்று அது அதிகாரிகளுக்குச் சொன்னது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது நல்லது என்றும் பரிந்துரைத்தது. மனுதாரரின் சம்பளம், நாணயம் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. வசிக்கும் தெருவே அவரை நிராகரித்துவிடும்.

இதற்கு டெட்ராய்டில் ஒரு சாட்சி இன்றும் நிற்கிறது. நகரத்தின் வடக்கு எல்லை எயிட் மைல் ரோடு. (எமினெம் நடித்து 2002-ல் வந்த படத்தின் பெயர் இதிலிருந்து வந்ததுதான்.) அதற்குச் சற்றுத் தெற்கே கறுப்பினக் குடும்பங்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. பக்கத்து மனைகளில் வெள்ளையருக்கு வீடு கட்ட ஒரு பில்டர் வந்தார். கறுப்பினத்தவர் இத்தனை அருகில் இருப்பதால் இன்சூரன்ஸ் கிடையாது என்றது எஃப்.ஹெச்.ஏ. 1941-ல் அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். சுவர் வந்ததும் அனுமதியும் வந்தது. அந்தச் சுவரின் ஒரு பகுதியில் இப்போது அந்தப் பேட்டை மக்கள் வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள்.

பத்திர நிபந்தனையை எதிர்த்தும் டெட்ராய்டிலிருந்து ஒரு வழக்கு போனது. ஆர்செல் மெக்கீ, மின்னி மெக்கீ என்ற தம்பதியின் வழக்கு. செயின்ட் லூயிஸ் நகரத்து வழக்கு ஒன்றோடு சேர்த்து 1948-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்பது தீர்ப்பு. புதிதாக நிபந்தனை எழுதும் சொத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை என்ற எஃப்.ஹெச்.ஏ.வின் விதி அமலுக்கு வந்தது 1950 பிப்ரவரியில்தான். அதற்குள் வெள்ளையர் குடியிருப்புகள் ஏராளமாக எழும்பிவிட்டன.

1950-ல் டெட்ராய்டின் மக்கள்தொகை 18,49,568. அதுதான் உச்சம். தொழிற்சாலைகள் அப்போதே விரிந்த நிலம் தேடிப் புறநகருக்கு நகர ஆரம்பித்திருந்தன. 1947-க்கும் 1963-க்கும் இடையில் நகரம் சுமார் 1,34,000 உற்பத்தி வேலைகளை இழந்தது. 1954-ல் சவுத்ஃபீல்டு புறநகரில் 'நார்த்லேண்ட்' என்ற பிரம்மாண்ட வணிக வளாகம் திறந்தது, கடைத்தெருவும் வெளியே போயிற்று. 1956-ம் வருட நெடுஞ்சாலைச் சட்டம் செலவில் 90 சதவீதத்தைக் கூட்டரசு தரும் என்றது. டெட்ராய்டில் 'பிளாக் பாட்டம்' என்ற கறுப்பினப் பேட்டை நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடிபட்டது. அதன் கடைவீதியான ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேலேயே ஃப்ரீவே போட்டார்கள்.

அங்கிருந்து கிளம்பியவர்களில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள், அதனால் நஷ்டஈடு இல்லை. வேறு இடத்தில் வீடு வாங்க வங்கிக் கடனும் இல்லை. பலர் கான்ட்ராக்ட் முறையில் வாங்கினார்கள். கடைசித் தவணை வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான் இருக்கும். தவணை தவறினால் கட்டிய பணமும் போய் வீடும் போய்விடும்.

ஒரு குடும்பத்துக்கு 32 டாலர் தவணையில் சொத்து சேர்ந்தது. அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த இன்னொரு குடும்பத்துக்கு வாடகை ரசீது மட்டும் சேர்ந்தது. முதல் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொத்து கல்லூரிப் படிப்பாகவும் அடுத்த வீட்டுக்கு முன்பணமாகவும் மாறியது. நம் வீடுகளில் ஒரு கிரவுண்ட் நிலம் அடுத்த தலைமுறைக்கு என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1967 ஜூலையில் டெட்ராய்டில் வெடித்த கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெள்ளையர் வெளியேற்றம் வேகம் பிடித்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. டெபாசிட் வாங்கும் வட்டாரத்துக்கு வங்கிகள் கடனும் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1977-ல்தான் வந்தது.

இதற்கிடையில் நாம் ஆரம்பத்தில் பார்த்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பிரச்சினை. டெட்ராய்ட் பள்ளிகளில் இனப் பிரிவினையைப் போக்க, 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலக்க வேண்டும் என்றது கீழ் நீதிமன்றம். 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. புறநகர் டிஸ்ட்ரிக்டுகள் தவறு செய்ததாக நிரூபணம் இல்லாததால் அவற்றை இழுக்க முடியாது என்பது தீர்ப்பு. எயிட் மைல் ரோட்டைத் தாண்டிவிட்டால் பிள்ளையின் பள்ளியும் வேறு என்பது அத்துடன் உறுதியானது. (1994-க்குப் பின் மிச்சிகனில் பள்ளிகளின் அன்றாடச் செலவைப் பெரும்பாலும் மாநிலம் ஏற்கிறது. கட்டடச் செலவு இன்னும் உள்ளூர் சொத்து வரியில்தான்.)

நம்மவர்கள் போய்ச் சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். 1965-ன் குடியேற்றச் சட்டம் இஞ்சினியர்களுக்கும் டாக்டர்களுக்கும் வாசலைத் திறந்தது. 1968-ன் சட்டம் புறநகரில் வீடு வாங்குவதற்கும் வழி செய்தது. அந்த இரண்டாவது சட்டத்துக்காகப் போராடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். முன்பணமாகப் போடச் சொத்து இல்லாததால், அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள அவர்களில் பலரால் முடியவில்லை. படிப்போடும் நல்ல சம்பளத்தோடும் போன நம்மால் முடிந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,39,111. புறநகர்களும் மாறிவிட்டன. சவுத்ஃபீல்டில் இன்று கறுப்பினத்தவரே பெரும்பான்மை. அங்கிருந்த நார்த்லேண்ட் வளாகம் 2015-ல் மூடிவிட்டது. நகரத்துக்குள் 1988-லிருந்து பாழடைந்து கிடந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு கம்பெனி வாங்கிப் புதுப்பித்து 2024 ஜூனில் திறந்தது. 1957-க்குப் பிறகு முதல்முறையாக நகரத்தின் மக்கள்தொகை சற்றுக் கூடியிருப்பதாகவும் 2024-ல் ஒரு மதிப்பீடு வந்தது.

பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி தேடுவதில் தப்பே இல்லை, நாமும் அதைத்தான் செய்தோம். ஆனால் "அந்த ஏரியா ஆளுங்க சரியில்லப்பா, அதான் அப்படி இருக்கு" என்று ஃபோனில் சொன்னால் மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த தடவை பேரப்பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள், மால், கோயில் எல்லாம் பார்த்த பிறகு ஒரு மத்தியானம் அந்தச் சுவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறடிச் சுவர்தான், பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.