போர்க்காலத்தில் யாருக்கு ராணுவ அழைப்பு வரும்? பிராந்திய ராணுவச் சட்டமும் பீன்யா தொழிலாளர்களின் வேலை உரிமையும்

பெங்களூரு: போர் மூண்டால் சாதாரணக் குடிமக்களை அரசு கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்க முடியுமா என்ற கேள்வி, எல்லையில் பதற்றம் ஏற்படும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கை நடைபெற்ற நாட்களில், பிராந்திய ராணுவத்தினரைப் பணிக்கு அழைக்க ராணுவ தலைமைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் அளித்தபோதும் இக்கேள்வி எழுந்தது.

பெங்களூருவின் வடமேற்கில் உள்ள பீன்யா தொழிற்பேட்டைக்கு இது ஏட்டளவிலான கேள்வி அல்ல. லேத், மில்லிங், சி.என்.சி. இயந்திரங்களை இயக்குவோர், அச்சு தயாரிப்போர், வெல்டர்கள், பிட்டர்கள் என ராணுவத்துக்கும் தேவைப்படும் தொழில்திறன் கொண்டவர்கள் பெருமளவில் பணிபுரியும் இடம் அது. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து வேலை செய்வோரும் அவர்களில் அடங்குவர். அழைப்பு யாருக்கு வரும், வந்தால் பார்த்துவந்த வேலை என்னாகும் என்பது குறித்துச் சட்டம் கூறுவதை இத்தொகுப்பு விளக்குகிறது.

2025 மே மாத அறிவிப்பு கூறியது என்ன?

பஹல்காமில் 2025 ஏப்ரல் 22-ஆம் தேதி நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பதிலடியாக மே 7-ஆம் தேதி 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கப்பட்டது. அதே நாளில் நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் சிவில் பாதுகாப்பு ஒத்திகைக்கு மத்திய உள்துறை அமைச்சகம் ஏற்பாடு செய்திருந்தது. அப்பட்டியலில் பெங்களூருவும் இடம்பெற்றிருந்தது.

இதையொட்டி, பிராந்திய ராணுவ விதிகள் 1948-இன் 33-ஆவது விதியின் கீழ் மத்திய அரசு பிறப்பித்த உத்தரவு வெளியானது. அத்தியாவசியக் காவல் பணிக்கோ, வழக்கமான ராணுவத்துக்குத் துணையாகவோ பிராந்திய ராணுவத்தின் ஒவ்வொரு அதிகாரியையும் வீரரையும் அழைக்கும் அதிகாரம் இதன்மூலம் ராணுவ தலைமைத் தளபதிக்கு வழங்கப்பட்டது. அப்போது இருந்த 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களை முழுநேரப் பணிக்குத் திரட்ட உத்தரவு வழிசெய்தது. 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை மூன்று ஆண்டுகளுக்கு இது செல்லுபடியாகும்.

இந்த உத்தரவு பிராந்திய ராணுவத்தில் ஏற்கெனவே பெயர் பதிவு செய்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. படையில் சேராத எந்தக் குடிமகனையும் அழைக்கும் அதிகாரம் இதில் இல்லை. அதாவது, இது கட்டாய ராணுவ சேவைக்கான உத்தரவு அல்ல. விருப்பத்தின் பேரில் ஏற்ற கடமையை நிறைவேற்றுவதற்கான அழைப்பு.

பிராந்திய ராணுவம் என்றால் என்ன?

வேறொரு தொழிலில் இருந்துகொண்டே தேவைப்படும்போது படைப்பணி ஆற்றும் குடிமக்களைக் கொண்டது பிராந்திய ராணுவம். 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இப்படையை, இந்தியாவின் முதல் இந்திய கவர்னர் ஜெனரலான ராஜாஜி 1949 அக்டோபர் 9-ஆம் தேதி தொடங்கி வைத்தார். ஆண்டுதோறும் அந்நாளே பிராந்திய ராணுவ தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1962, 1965, 1971 போர்களில் இப்படையினர் பங்கேற்றுள்ளனர்.

18 முதல் 42 வயதுக்கு உட்பட்டவர்கள் இதில் சேரலாம். அதிகாரியாக விண்ணப்பிப்போர் பட்டதாரியாகவும் வருவாய் தரும் பணியிலோ தொழிலிலோ இருப்பவராகவும் இருத்தல் வேண்டும். வழக்கமான காலங்களில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு மாதங்கள் பயிற்சி இருக்கும். முழுநேரப் பணிக்குத் திரட்டப்பட்டால் வழக்கமான ராணுவத்தினருக்கு உரிய ஊதியம் வழங்கப்படும்.

தென்னிந்தியாவிலும் இப்படைக்குப் பிரிவுகள் உள்ளன. 106-ஆவது பாரா பட்டாலியன் பெங்களூருவைத் தளமாகக் கொண்டது. கவுரவ லெப்டினன்ட் கர்னலான கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனி, 2019-இல் காஷ்மீரில் இந்தப் பட்டாலியனுடன் பணியாற்றினார். கோவையில் 110-ஆவது மெட்ராஸ் பட்டாலியனும் திருச்சியில் 117-ஆவது கார்ட்ஸ் பட்டாலியனும் உள்ளன.

கட்டாய சேவைக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

சுதந்திர இந்தியா இதுவரை பொதுவான கட்டாய ராணுவ சேவையை நடைமுறைப்படுத்தியதில்லை. ஆயினும் சட்டம் அதற்கான வழியை முற்றிலும் அடைத்துவிடவில்லை.

அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கங்களுக்காகக் கட்டாய சேவையை விதிக்க அரசுக்கு அனுமதி அளிக்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டக் கூடாது என்பது நிபந்தனை. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவு, நாட்டைக் காப்பதையும் அழைக்கப்படும்போது தேசிய சேவை ஆற்றுவதையும் குடிமக்களின் அடிப்படைக் கடமையாகக் குறிப்பிடுகிறது.

பிராந்திய ராணுவச் சட்டத்தின் 6ஏ பிரிவு இன்னும் நேரடியானது. அரசுப் பணியிலோ, பொதுமக்களுக்கு மின்சாரம், குடிநீர் வழங்குவது போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவையிலோ இருக்கும் 20 வயது நிறைந்த, 40 வயது நிறைவடையாத ஒருவர், விதிகளுக்கு உட்பட்டு, கோரப்படும்போது பிராந்திய ராணுவத்தில் பணியாற்றக் கடமைப்பட்டவர் என்று அது கூறுகிறது. பீன்யாவின் தனியார் பட்டறைத் தொழிலாளர் இதன் வரம்புக்குள் வரமாட்டார்.

1971 போருக்குப் பின் நாடாளுமன்றம் தேசிய சேவைச் சட்டம் 1972-ஐ இயற்றியது. பொறியியல், மருத்துவத் தகுதி பெற்ற 30 வயதுக்கு உட்பட்டோரைப் பதிவு செய்து சேவைக்கு அழைப்பது அதன் நோக்கம். அதற்கு முன், 1962 சீனப் போரைத் தொடர்ந்து 1963-இல் கல்லூரிகளில் என்.சி.சி. பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது, 1968-இல் அது மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ரிசர்வ் கடப்பாட்டில் இருப்பவர்கள் தனிப் பிரிவினர். 1888-ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் படைகள் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். தொழிற்சாலைகளில் காவல் பணியில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் தங்கள் விடுவிப்பு ஆவணத்தைப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ளலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நடந்தது

முதல் உலகப் போரின்போது 1917-இல் கொண்டுவரப்பட்ட இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், இந்தியாவில் வசித்த ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்களுக்கே சேவையைக் கட்டாயமாக்கியது. இந்தியர்களுக்கு அது விருப்பமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தின் பலம் 25 லட்சத்தை எட்டியது. அவர்களும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்களே.

ஆனால் தொழில்நுட்பப் பணியாளர் விஷயத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1940-இல் பிறப்பிக்கப்பட்ட தேசிய சேவை (தொழில்நுட்பப் பணியாளர்) அவசரச் சட்டம், தொழிற்திறன் பெற்றவர்களைப் போர்த்தளவாட உற்பத்திக்கு அனுப்பும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதே 1940 டிசம்பரில்தான் பெங்களூருவில் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் தொடங்கப்பட்டு, போர்க்காலத்தில் விமானங்களைப் பழுதுபார்க்கும் மையமாகவும் விளங்கியது. போர்க்காலக் கட்டாயம் இந்தியத் தொழிலாளியைத் தொட்டபோது, அது போர்முனைக்கு அழைக்கவில்லை. இயந்திரத்தின் முன் நிறுத்தியது.

பிற நாடுகளின் நிலை

உக்ரைனில் 2022 பிப்ரவரியில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது, 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. படைக்குத் திரட்டுவதற்கான குறைந்தபட்ச வயது 2024 ஏப்ரலில் 27-இலிருந்து 25-ஆகக் குறைக்கப்பட்டது. முக்கியத் தொழில் நிறுவனங்களின் பணியாளர்களுக்கு அங்கு விலக்கு முறையும் உண்டு. ரஷியா 2022 செப்டம்பர் 21-இல் பகுதியளவு திரட்டலை அறிவித்து, 3 லட்சம் ரிசர்வ் படையினரை அழைப்பதாகக் கூறியது.

சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. குடிமக்களாகவும் நிரந்தரவாசிகளாகவும் உள்ள தமிழ் இளைஞர்களும் இரண்டு ஆண்டுகள் முழுநேரப் பணி ஆற்றி, பின்னர் ரிசர்வ் பயிற்சிக்குச் செல்கின்றனர். அப்பயிற்சிக் காலத்தில் இழக்கும் வருவாயை அரசு ஈடு செய்கிறது.

இலங்கையில் அரசின் ராணுவம் விருப்பத்தின் பேரில் சேர்வோரைக் கொண்டே இயங்கியது. அதேவேளையில், போரின் இறுதி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வீட்டுக்கு ஒருவர் என்ற அடிப்படையில் கட்டாய ஆள்சேர்ப்பில் ஈடுபட்டனர். சட்டப் பாதுகாப்போ மேல்முறையீடோ இல்லாத அந்த ஆள்சேர்ப்பின் துயரத்தை வன்னிக் குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன.

அழைப்பு வந்தால் வேலை என்னாகும்?

பிராந்திய ராணுவத்தில் சேர்ந்துள்ள தொழிலாளருக்கு மிக முக்கியமானது அச்சட்டத்தின் 7ஏ பிரிவு. படைப்பணிக்கு அழைக்கப்பட்ட ஊழியரை, பணி முடிந்து திரும்பியதும் மீண்டும் வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என அது கூறுகிறது. இடைவெளி ஏற்படாதிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய நிலைமைகளைவிடக் குறைவானவற்றை வழங்கக் கூடாது.

முதலாளி மறுத்தாலோ, மீண்டும் சேர்ப்பது இயலாது என்று கூறினாலோ, இருதரப்பில் எவரும் நிர்ணயிக்கப்பட்ட அதிகாரியை அணுகலாம். அந்த அதிகாரி மூன்று வகையில் உத்தரவிடலாம்: முதலாளிக்கு விலக்கு அளித்தல், மீண்டும் வேலைக்கு எடுக்கச் செய்தல், ஆறு மாத ஊதியத்துக்கு மிகாத இழப்பீடு வழங்கச் செய்தல். உத்தரவை மீறும் முதலாளிக்கு ரூ.1,000 வரை அபராதம் விதிக்கப்படலாம். கடமையிலிருந்து தப்பிக்கும் நோக்கில் முன்கூட்டியே வேலையிலிருந்து நீக்கினாலும் அவரது பொறுப்பு நீங்காது. வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகளைக் காக்க 7பி பிரிவு உள்ளது.

தொழிலாளர் கவனிக்க வேண்டிய காலவரம்பு ஒன்றும் உண்டு. படைப்பணி முடிந்த இரண்டு மாதங்களுக்குள் மீண்டும் வேலை கேட்டு விண்ணப்பிக்காவிட்டால், அதையே முதலாளி தனது வாதமாக முன்வைக்கலாம். எனவே அழைப்பாணையின் நகலை நிறுவனத்திடம் எழுத்துமூலம் அளித்து ஒப்புகை பெறுவதும், திரும்பியவுடன் எழுத்துமூலம் விண்ணப்பிப்பதும் அவசியம். ஊதியச் சீட்டு, வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துதல் நலம்.

நிரந்தர ஊழியருக்கு இப்பாதுகாப்பு ஓரளவு தெளிவானது. ஒப்பந்தக்காரர் மூலம் பணிபுரிபவருக்கு, தன் முதலாளி ஒப்பந்தக்காரரா, ஆலை நிர்வாகமா என்ற கேள்வி முதலில் எழும். பத்து பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒரு சி.என்.சி. ஆபரேட்டர் பல மாதங்கள் இல்லாவிட்டால், அந்த இயந்திரத்துக்கு வேறொருவரை நியமிக்காமல் உற்பத்தி நடைபெறாது. பழையவர் திரும்பும்போது இருவருக்கும் ஊதியம் தருவது சிறு உரிமையாளருக்குச் சுமையாகும். சட்டம் விலக்குக்கு இடம் அளித்திருப்பது இத்தகைய நிலைமைகளுக்காகவே. ஆனால் அந்த விலக்கு வழங்கப்பட்டால், நாட்டுப் பணிக்குச் சென்று வந்தவர் வேலையின்றி நிற்க நேரிடும். அவரது வருவாயை ஈடு செய்யும் சிங்கப்பூர் போன்ற ஏற்பாடு இச்சட்டத்தில் இல்லை.

சுருக்கமாகக் கூறினால், பீன்யாவின் தனியார் தொழிலாளர் ஒருவருக்கு அவர் விரும்பிப் பதிவு செய்யாதவரை ராணுவ அழைப்பு வராது. பதிவு செய்தவருக்கோ, 2028 பிப்ரவரி 9 வரை நடைமுறையில் உள்ள உத்தரவின்படி எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம். அவர் திரும்பி வரும்போது வேலையைக் கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டம் அளித்துள்ளது. அதைக் கோருவதற்கு உள்ள காலம் இரண்டு மாதங்கள் மட்டுமே.