ஜொகூர் நீரிணை - 7: இரும்பு காட்டிக்கொடுக்கும்

பத்திரமான கால்வாயை விட்டு, கண்ணிவெடி விதைத்த நீருக்குள் ஃபிரேசர் ஏன் நுழைந்தார்? சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம்.

1945 ஜூலை 31. ஜொகூர் நீரிணையை நோக்கி வருகிறது எக்ஸ்இ-3 என்ற பிரிட்டிஷ் குட்டி நீர்மூழ்கி. தளபதி ஃபிரேசரோடு சேர்த்து உள்ளே நான்கே பேர். கால்வாயில் ஜப்பானியர் ஒட்டுக்கேட்கும் கருவிகளை வைத்திருப்பார்கள் என்று ஃபிரேசருக்குச் சந்தேகம். சத்தத்தையாவது அடக்கலாம். இரும்பை என்ன செய்வது?

பூமியின் காந்தப்புலத்தில் எஃகு உடலும் காந்தமாகிவிடும். அது கடக்கும்போது, கடலடியில் கிடக்கும் கம்பி வளையத்துக்குள் புலம் மாறும். மாறும் அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் பிறக்கும். புலம் எத்தனை வலுவாக இருந்தாலும் மாறாவிட்டால் ஒன்றுமில்லை. 1831இல் ஃபாரடே கண்டது இதைத்தான். அக்காலக் காந்தக் கண்ணிவெடிகள் பலவற்றுக்குள்ளும் இப்படியொரு கம்பிச்சுருள் காத்திருந்தது.

இதை வைத்து நீர்மூழ்கியைப் பிடிக்கலாம் என்று 1915இல் ஸ்காட்லாந்தில் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் கிரைட்டன் மிட்செல். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். கம்பியின்மேல் நீர்மூழ்கி கடந்தால் பிறப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட். கால்வனாமீட்டரின் முள் அசைய அது போதும். கடற்படை அவர் சொன்னதை முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் 1918 அக்டோபர் 28 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளமான ஸ்காபா ஃபுளோவில் முள் அசைந்தது. கரையில் இருந்தவர்கள் கண்ணிகளை வெடிக்கவைத்தார்கள். ஜெர்மனியின் யுபி-116 நீர்மூழ்கி அழிந்தது.

சிட்னியில் 1942 மே 31 இரவு, ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி கடந்ததைக் கம்பி ஒழுங்காகவே பதிவுசெய்தது. படகுப் போக்குவரத்து என்று நினைத்து விட்டுவிட்டார்கள். விடிவதற்குள் 21 மாலுமிகள் இறந்தார்கள். கருவி சொல்லியும் கேட்க ஆளில்லாமல் போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஜொகூரில் காலை பத்தரை மணிக்குத் தடுப்பு வலையின் வாயில் திறந்தே கிடந்தது. பிற்பகலில் எக்ஸ்இ-3, 'தக்காவோ' என்ற ஜப்பானியப் போர்க்கப்பலின் அடிவயிற்றில் புகுந்தது. படகின் முக்குளிப்பாளர் மெகென்னிஸ் காந்தக் குண்டுகளோடு வெளியே போனார். ஒட்டவில்லை! கப்பலடி முழுக்கச் சிப்பி. சுரண்டிச் சுரண்டி, இரண்டிரண்டாகக் கயிற்றில் பிணைத்து ஆறு குண்டுகளைப் பொருத்தினார். மூச்சுக்கருவி கசிந்து குமிழிகள் மேலே போய்க்கொண்டிருந்தன.

அவர் உள்ளே திரும்பியதும் ஃபிரேசர் புறப்பட உத்தரவிட்டார். மோட்டார் உறுமியது. படகு நகரவில்லை.

நீர் வற்றிக்கொண்டிருந்தது. மேலே தக்காவோ, கீழே கடல் தரை, நடுவில் நால்வர். குண்டுகளின் கடிகாரமோ இரவு ஒன்பதரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

(தொடரும்)