விண்டோஸ் மாறியதும் வீட்டு ஸ்டூடியோ ஊமையானால்... போர்மட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

ஈப்போ: தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட் பக்கமுள்ள தாமான் வீடுகளில் ஏதாவது ஒரு பின்னறை நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும். சன்னலுக்குக் கம்பளி, மேசையில் ஒரு மடிக்கணினி, அதன் பக்கத்தில் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி. உறுமி மேளக் குழுவின் பக்திப் பாடலும் இளைஞர்களின் ராப் பாட்டும் இப்படிப்பட்ட அறைகளில்தான் பதிவாகின்றன. தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்களில் பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பதிவாகியிருந்தால், அவையும் பெரும்பாலும் இத்தகைய கணினிகளில்தான் இருக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதையொட்டிப் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். மாறிய மறுநாள் மைக்கில் பேசினால் திரையில் ஒரு கோடுகூட அசையாது. அசைந்தாலும் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். உடனே கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "சவுண்ட் வரவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். கடைக்காரருக்குத் தெரிந்த விரைவான வைத்தியம் போர்மட். பெரும்பாலான இழப்பு அங்கேதான் நடக்கிறது. இயங்குதளம் மாறியதால் பாட்டு அழிவது அபூர்வம். பதிவான ஒலிக் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றைத் திறந்து கேட்கும் வழிதான் அடைபட்டிருக்கும்.

ஆகவே, எதையும் தொடும் முன் ஒலிப்பதிவு மென்பொருள் உருவாக்கிய கோப்புறை முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுக்க வேண்டும். பழைய விண்டோஸுக்கே திரும்ப நினைப்பவர்களுக்கு அவகாசம் 10 நாள்தான். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரிகவரி என்ற பகுதியில் "கோ பேக்" பொத்தான் அதுவரைதான் இருக்கும். அதன்பிறகு பழைய இயங்குதளத்தின் கோப்புகளைக் கணினி தானாகவே அழித்துவிடும். பாட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது என்றால், கோளாறைத் தேடிக் கொண்டிருப்பதைவிடத் திரும்பிப் போவதே புத்திசாலித்தனம்.

தேடுவதென்றால் எளிய இடத்திலிருந்து தொடங்கலாம். இயங்குதளம் மாறும்போது ஒலி வெளியேறும் வழி மடிக்கணினியின் சொந்த ஸ்பீக்கருக்கோ, எச்டிஎம்ஐ கம்பியில் இணைந்த திரைக்கோ மாறியிருக்கலாம். ஒலிப்பதிவு மென்பொருளின் ஆடியோ அமைப்புக்குள் போய் இன்டர்ஃபேஸைத் திரும்பத் தேர்ந்தெடுத்தாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆசியோ இல்லாமல் விண்டோஸின் வழியாகவே பதிவு செய்பவர்கள் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், மைக்ரோஃபோனைப் பயன்படுத்த மென்பொருள்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அது சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் டிரைவர்மீது. இன்டர்ஃபேஸ் பேசுவதைக் கணினிக்குப் புரிய வைக்கும் சிறு மென்பொருள் அது. டிவைஸ் மேனேஜரில் இன்டர்ஃபேஸின் பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கம்பியைக் கழற்றி, பழைய டிரைவரை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, தயாரிப்பாளரின் சொந்த இணையத்தளத்திலிருந்து புதியதை இறக்கி நிறுவிய பிறகே கம்பியைச் செருக வேண்டும். இந்த வரிசை முக்கியம். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்போம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

புதிய டிரைவரும் ஏறவில்லை என்றால் பெரும்பாலோர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசோலேஷன், அதற்குள் மெமரி இன்டக்ரிட்டி என்ற ஒரு காவல். சந்தேகத்துக்குரிய டிரைவர்கள் கணினியின் உள்மையத்துக்குள் நுழையாமல் அது தடுக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இன்டர்ஃபேஸின் டிரைவர் நல்லதாகவே இருந்தாலும், பழைய முறையில் எழுதப்பட்டதால் வாசலிலேயே நிறுத்தப்படும். எந்த டிரைவர் ஒத்துப்போகவில்லை என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். அந்தக் காவலை அணைத்தால் பழைய பெட்டி உயிர் பெறக்கூடும். ஆனால் வங்கிக் கணக்கு பார்ப்பதும் பிள்ளைகள் பள்ளிப் பாடம் செய்வதும் அதே கணினியில் என்றால் அணைக்கக்கூடாது. பாட்டுக்கென்றே தனியாக, இணையம் இல்லாமல் இருக்கும் கணினி என்றால் பரவாயில்லை.

தயாரிப்பாளர் கைவிட்ட பெட்டிகளுக்கும் ஒரு வழி உண்டு. 2017 முதல் விண்டோஸ் யுஎஸ்பி ஆடியோ 2 வகைக் கருவிகளுக்குத் தன் சொந்த டிரைவரையே வைத்திருக்கிறது. அந்தப் பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவியாக இருந்தால் அது தானாகவே வேலை செய்யலாம். ஸ்டூடியோக்கள் பயன்படுத்தும் ஆசியோ முறை அதில் கிடைக்காமல் போனால், ஆசியோ4ஆல் என்ற இலவச மென்பொருள் ஓரளவு ஈடுகட்டும். நேரடி டிரைவர் அளவுக்கு அது வேகமாக இருக்காது.

சில நேரம் குற்றம் முழுக்க முழுக்க மைக்ரோசாஃப்ட்டின் பக்கமே இருக்கும். 2025 ஜனவரி 14-ஆம் தேதி ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. மலேசிய நேரப்படி பொங்கல் முடிந்த பின்னிரவு. அதை ஏற்றிய சில கணினிகளில், பழைய யுஎஸ்பி 1.0 ஆடியோ டிரைவரை நம்பியிருந்த கருவிகள் நின்றுபோயின. டிவைஸ் மேனேஜர் "கோட் 10" என்ற பிழையைக் காட்டியது. அவ்வாண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 11. பாட்டு வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வந்த இடி அது. மைக்ரோசாஃப்ட் பிரச்சினையை ஒப்புக்கொண்டு பின்னர் வந்த அப்டேட்டில் சரிசெய்தது. அதுவரை, அந்த அப்டேட்டை நீக்குவதே பாதிக்கப்பட்டவர்களுக்கு இருந்த உடனடி வழி. பதிவு வேலை நடக்கும் வாரங்களில் "பாஸ் அப்டேட்ஸ்" பொத்தானை அழுத்தி வைப்பது சோம்பேறித்தனம் அல்ல.

சத்தம் வருகிறது, ஆனால் பாடகரின் குரல் சின்னப் பையன் குரல்போல் மெலிந்து வேகமாக ஓடுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான பாட்டைக் கணினி 48-இல் ஓட்டுகிறது. வேகம் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு கூடும். சுருதி ஹார்மோனியத்தில் ஒன்றரை ஸ்வரஸ்தானம் அளவுக்கு மேலே போகும். இன்டர்ஃபேஸின் அமைப்பிலும் மென்பொருளிலும் விண்டோஸின் ஒலி அமைப்பிலும் ஒரே எண்ணை வைத்தால் குரல் பழையபடி ஆகிவிடும். இதைக் கவனிக்காமல் புதிய குரலையும் அதன்மேல் பதிந்துவிட்டால்தான் தலைவலி.

வெடிப்புச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பஃபர் அளவு. கணினி ஒலியை எத்தனை துளிகளாகச் சேர்த்து அனுப்புகிறது என்பது அது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 என்று வைத்தால் தாமதம் ஒரு பக்கத்துக்கு 3 மில்லி விநாடிக்கும் குறைவு; 1024 என்றால் 21 மில்லி விநாடி. உறுமி வாசிப்பவருக்கு அந்த 21 போதும், தாளம் தடுமாற. எனவே பதிவின்போது சிறிய எண், கலவை செய்யும்போது பெரிய எண். சிறிய எண்ணில் வெடிக்கிறது என்றால் வைஃபையை அணைத்துப் பார்க்கலாம். மின்சேமிப்பு முறையை மாற்றலாம். யுஎஸ்பி ஹப் வழியாகப் போகும் கம்பியை நேரடியாகக் கணினியில் செருகலாம். லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் கணினியைத் தாமதப்படுத்துகிறது என்று பெயரோடு காட்டும். இடைவிடாத "ம்ம்" என்ற இரைச்சல் வேறு கதை. அது மின்சாரத்திலிருந்து வருவது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் விண்டோஸ்மீது பழி போட வேண்டாம்.

மென்பொருளின் உரிமம் இன்னொரு பொறி. ஸ்டெயின்பெர்க் நிறுவனம் தன் பழைய இலைசென்சர் சேவையை 2025 மே 20-ஆம் தேதியோடு மூடிவிட்டது. யுஎஸ்பி சாவி இல்லாமல் கணினிக்குள்ளேயே உரிமம் வைத்திருந்த பழைய கியூபேஸ் பதிப்புகளை, போர்மட் செய்த பிறகு திரும்ப உயிர்ப்பிக்க வழியில்லை. பூட்டு உடைத்த பதிப்புகளைப் பயன்படுத்துபவர்கள் நம்மில் குறைவில்லை. இயங்குதளம் மாறியதும் அவை முதலில் படுக்கும். அவற்றுக்கு உதவி கேட்க யாரும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் அவற்றின் விலையைக் கணக்கிட வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2019-இல் வந்த கேட்டலினா 32-பிட் மென்பொருள்களை ஒரேயடியாகக் கைவிட்டது. 2024 மார்ச்சில் வந்த சொனோமா 14.4-இல் இசை மென்பொருள்களின் சில ப்ளக்-இன்கள் திறக்காமல் போக, அதே மாதம் 14.4.1 வெளியிட்டு ஆப்பிள் சரிசெய்தது. 2025 செப்டம்பரில் வந்த டாஹோ ஃபயர்வயர் இணைப்பையே நீக்கிவிட்டது. அந்தக் கம்பியில் ஓடும் பழைய இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் டாஹோவுக்கு மாறவே கூடாது.

விண்டோஸ் 11 ஏறாத கணினிகள் நிறைய உண்டு. டிபிஎம் 2.0 சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் கேட்கிறது. அதற்காக நல்ல கணினியைத் தூக்கி எறியத் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் அது இலவசம். அதன்பிறகும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒலிப்பதிவுப் பெட்டியாக மட்டும் வைத்திருக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பாட்டை மென்பொருளிடம் அடகு வைக்காமல் இருப்பது. திட்டக் கோப்பு என்பது ஒலி அல்ல. எந்தக் குரல் எங்கே வர வேண்டும் என்ற குறிப்புதான். அந்த மென்பொருள் போனால் குறிப்பும் போகும். எனவே வேலை முடிந்த ஒவ்வொரு பாட்டிலும் குரல், உறுமி, கீபோர்டு என ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைக்க வேண்டும். எந்த மென்பொருளிலும் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் பாட்டு அப்படியே சேர்ந்துவிடும். 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு 9 எம்பி-கூட ஆகாது. ஐந்து நிமிடப் பாட்டில் 20 தடங்கள் இருந்தாலும் ஒரு ஜிபி-க்குள் முடிந்துவிடும். இரண்டு நகல், இரண்டு வீடுகளில்.

பாட்டியின் ஒப்பாரியைப் பதிந்து வைத்திருப்பவர்கள் தைப்பூசப் பாட்டுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பக்திப் பாடலை மறுபடி பாட வைக்கலாம். பால்மரம் வெட்டிய தலைமுறையில் பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கோப்பின் பெயரில் "ஆடியோ 07" என்று விடாமல் பாடியவர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுத வேண்டும். எடுத்த நகலை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ கடைசி வரை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்ட பிறகே விண்டோஸைத் தொடலாம்.