முப்பது சதவீதத்தில் அணையும் போன்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். "சார், 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே அப்பாவின் போன் அணைந்துவிடுகிறது. ரிப்பேரா, வயசா?" என்றாள். "வயசுதாம்மா" என்றேன். ஏன் என்பதை எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

1970-களில் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் பேட்டரியை உருவாக்கினார். அதில் இருந்தது உலோக லித்தியம். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும்போது அது ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவிலுள்ள தடுப்பைத் துளைத்தது. ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது. 1989-இல் ஜப்பானில் இப்படிப்பட்ட பேட்டரி வைத்த செல்போன்கள் தீப்பிடித்து, திரும்பப் பெறப்பட்டன.

அதற்கு முன்பே வழி பிறந்திருந்தது. 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்தார்கள். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, உலோக லித்தியத்தை விட்டுவிட்டு எதிர்முனையில் கரிப்பொருளை வைத்தார். 1991-இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு. அப்போது குட்இனஃபுக்கு வயது 97!

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பேட்டரியை முதன்முதலில் சார்ஜ் செய்யும்போதே, உள்ளிருக்கும் திரவத்தில் கொஞ்சம் சிதைந்து, கரிப்பொருளின் மேல் பால் ஆடை போல மெல்லிய படலம் படியும். அந்தப் படலம்தான் திரவம் மேலும் சிதையாமல் காக்கிறது. ஆனால் அது வளர்வது முழுதாக நிற்பதில்லை. வளர வளர லித்தியத்தைத் தின்னும். அதனால் கொள்ளளவு குறையும். மின்தடையும் கூடும். கேமராவைத் திறந்தால் போன் ஒரேயடியாக அதிக மின்சாரம் கேட்கும். வயசான பேட்டரியில் மின்னழுத்தம் சட்டென விழும். மிச்சம் 30 சதவீதம் இருந்தும் போன் அணைந்துவிடும்.

உலகமே இதைப் பேசியது 2017-இல். இப்படி அணைவதைத் தவிர்க்கப் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டது. 2018 மார்ச்சில் பேட்டரி ஆரோக்கியத்தைச் சதவீதமாகக் காட்டும் வசதியும் தந்தது. அதுவரை உள்ளே நடந்த தேய்மானம் சாதாரண மனிதர் கண்ணுக்கு எளிதில் எண்ணாகத் தெரிந்ததில்லை.

எண் காட்டாத போனிலும் அறிகுறிகள் உண்டு. காலையில் முழுதாக ஏற்றியது மதியமே தீர்ந்துபோவது. 40-லிருந்து சட்டென 15-க்கு இறங்குவது. சும்மா இருக்கும்போதும் சூடாவது. பொதுவாகக் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம் நெருங்கியது என்று கொள்ளலாம்.

இவையெல்லாம் முதுமை. ஆனால் பின்மூடி தூக்கிக்கொண்டாலோ, திரை மேலெழும்பினாலோ அது ஆபத்து. சிதைவினால் உண்டான வாயு உள்ளே சேர்ந்து பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். சர்வீஸ் கடையில் கொடுங்கள்.

வெப்பம்தான் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குகிறது. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்களின் போனை இன்றைக்கே வாங்கி, உறையைக் கழற்றி, பின்பக்கம் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.