புளோரன்சின் மணப்பேழைகள்

மறுமலர்ச்சிக்கால இத்தாலியின் கலைச்சிறப்பைப் பேசுவோர் தேவாலயச் சுவரோவியங்களை வியந்த அளவுக்குச் செல்வர் மனைகளின் பள்ளியறைப் பெட்டிகளைப் பொருட்படுத்துவதில்லை. கலைநூல்கள் ‘கசோனே’ எனக் குறிக்கும் மணப்பேழைகளே அவை. 15ஆம் நூற்றாண்டுப் புளோரன்சு மக்கள் அவற்றைப் ‘போர்சியேரி’ என்றனர். பெரும்பாலும் சோடியாகவே செய்விக்கப்பட்ட இவற்றின் உள்ளே ஆடையணிகளும், முகப்பில் வண்ண ஓவியமும் இருந்தன.

இவற்றைச் சீதனத்தினின்று பிரித்து நோக்குதல் இயலாது. சீதனத் தொகை ஏறிக்கொண்டே சென்றமையால் 1425இல் புளோரன்சு அரசே சீதன நிதியம் ஒன்றை நிறுவிற்று. தந்தையர் மகளின் இளவயதிற் பணம் வைப்பிலிட்டனர். அரசு அதனைக் கொண்டு தன் கடன்சுமையைத் தாங்கிக்கொண்டது. நாடுகடத்தப்பட்டு இறந்தவரின் கைம்பெண்ணான அலெசாந்திரா ஸ்ட்ரொட்ஸி, 1447இல் தன் மகள் கத்தரீனாவைப் பட்டு உற்பத்தியாளரான மார்க்கோ பரென்திக்கு 1,000 புளோரின் சீதனத்துடன் மணம்பேசினார். இன்னும் உயர்ந்த குடியிற் கொடுப்பதாயின் 1,400 அல்லது 1,500 வேண்டியிருக்கும் என மகனுக்கு எழுதிய மடலில் அவரே கணக்கிட்டுக் காட்டுகிறார். தாயன்பும் வணிகக் கணக்கும் ஒரே மடலில்!

மார்க்கோ தமது திருமணத்துக்கான பேழைகளை டொமெனிக்கோ வெனெசியானோ என்னும் பேரோவியரைக்கொண்டு தீட்டுவித்தார். இங்கு ஒரு மாற்றம் கருதற்பாலது. முன்னர் பெண்வீட்டார் கொடுத்தனுப்ப, ஊரறிய ஊர்வலமாகச் சென்ற பேழையை, இந்நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் மணமகனே தன் அறைக்கெனச் செய்விக்கலானான். எனவே மணமகள் நாளும் காணவேண்டிய கதையைத் தெரிந்தவனும் அவனே. கணவனின் கொடுஞ்சோதனைகளை வாய்திறவாது பொறுத்த கிரிசெல்டா, கற்பிழந்து உயிர்துறந்த லுக்கிரேசியா, உரோமர் கவர்ந்துசென்ற சபைன் பெண்கள்! கவர்ந்து செல்லலையே மணவறைக்குரிய காட்சியாகக் கொண்டமை நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. உரோமக் குடிகளின் தோற்றம் அதுவே என அவர்கள் அமைதி கண்டனர் போலும். இதனை வெறும் அலங்காரம் என்று கடந்துபோதல் பொருந்தாது.

19ஆம் நூற்றாண்டில் வணிகர் பலர் பெட்டியைக் கழித்து முகப்புப் பலகையை மட்டும் ஓவியமாக விற்றனர். 1472இல் மொரெல்லி–நேர்லி திருமணத்துக்கெனச் செய்யப்பட்டு இலண்டனில் பேணப்படும் சோடிபோல் முழுமையாக எஞ்சியவை மிகச்சில. நூதனசாலைச் சுவர்களில் கண்மட்டத்துக்கு உயர்த்தப்பட்ட அப்பலகைகள் சிலவற்றில், பூட்டிலே தொங்கிய சாவிகள் உரசிய வடுக்கள் இன்றும் தெரிகின்றன.